பச்சைப் பையும் டேட்டா இல்லாத போனும்

கருக்காமலைத் தோட்டத்தில் ஆயம்மா என்றால் விஜயலெட்சுமிதான். ஹல்துமுல்லை டவுனுக்கு மேலே, பஸ் ஏறாத மூன்று மைல் ஏற்றத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். அங்கே இன்றைக்குப் பதினெட்டிலிருந்து நாற்பது வயதுவரை இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரத்தில், பிள்ளைமடுவத்தில் அவள் கையால் கஞ்சி குடித்தவர்கள். அதனால் மீசை வைத்தவனும் அவளை ஆயம்மா என்கிறான், இரண்டு பிள்ளை பெற்றவளும் ஆயம்மா என்கிறாள். அவளும் யாரைக் கண்டாலும் முதலில் மூக்கு ஒழுகுகிறதா என்றுதான் பார்ப்பாள்.

புருஷன் இறந்தபோது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அழுதாள். காரியம் முடிந்ததும் பதுளைக்குப் போய், நோயாளிகளைப் பராமரிக்கிற பயிற்சியில் பெயர் கொடுத்தாள். ஆறு மாதம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடுவது, முதுகு புண்ணாகாமல் பார்ப்பது, மாத்திரை உண்மையிலேயே இறங்கிற்றா என்று நாக்கைத் தூக்கிப் பார்ப்பது, செய்ததை உடனே எழுதிவைப்பது. "எழுதாதது நடக்காதது" என்பார் அங்கே படிப்பித்த மிஸ். விஜயலெட்சுமிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. பாட்டன் எந்த வருஷம் கப்பலேறி வந்தான் என்று எழுதிவைக்காத குற்றத்துக்குப் பேரன்வரை குடியுரிமை கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்த சனம் அவளுடையது.

பயிற்சி முடிந்து சைப்பிரஸ் போனாள். எட்டு வருஷம், ஒரே வீடு, ஒரே கிழவி. கிழவிக்கு ஒரு பக்கம் விளங்காது. மகள் எலெனி இலண்டனில் இருந்தாள். பச்சைப் பையை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் எலெனிதான்.

அது போனிலும் கொம்பியூட்டரிலும் போட்டுக்கொள்கிற ஒரு சேவை. அடையாளமாகச் சின்னதாய் ஒரு பச்சைப் பை. ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர், ஆனால் பின்னாளில் கருக்காமலையில் பச்சைப் பை என்ற பெயர்தான் நிலைத்தது. சமையலறைப் போனில் ஒரு படத்தை அந்தப் பைக்குள் போட்டால், இலண்டனில் எலெனியின் கொம்பியூட்டரிலும் அதே படம் வந்து நிற்கும். பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு, என்ன சாப்பிட்டாள், வெளிக்குப் போனாளா, எல்லாவற்றையும் விஜயலெட்சுமி கொப்பியில் எழுதி, படம் எடுத்து, பைக்குள் போடுவாள். எலெனி அங்கிருந்து வாசிப்பாள். கேள்வி இருந்தால் கேட்பாள், இல்லாவிட்டால் பேசாமல் இருப்பாள். எட்டு வருஷத்தில் "அம்மாவை ஏன் சரியாகப் பார்க்கவில்லை" என்று ஒரு தரம்கூட அவள் கேட்டதில்லை. வேலை செய்கிற வீட்டில் சந்தேகப்படாமல் இருக்கிறார்கள் என்றால் அது தனியாக ஒரு சம்பளம். அந்தச் சம்பளத்தைத் தனக்கு வாங்கிக்கொடுத்தது பைதான் என்று விஜயலெட்சுமி இன்றைக்கும் சொல்லுவாள்.

அவள் அங்கே இருந்த காலத்தில்தான் மீரியபெத்தவில் மலை சரிந்தது. கருக்காமலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை. செய்தியைச் சமையலறையில் நின்று பார்த்தாள். செத்தவர்களுக்காக அழுதாள். அதற்குப் பிறகு பிழைத்தவர்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள். உடுத்த துணியோடு ஓடிவந்தவர்கள் பாடசாலை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அடையாள அட்டையான ஐ.சி. மண்ணுக்குள், பிறப்புப் பத்திரம் மண்ணுக்குள், கலியாணப் பத்திரம் மண்ணுக்குள். நான்தான் இன்னார் என்று சொல்வதற்கு வாயைத் தவிர அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டு வருஷத்தில் கிழவி அமைதியாகப் போய்ச் சேர்ந்தாள். எலெனி கணக்கைத் துடைத்து, கடவுச்சொல்லை மாற்றி விஜயலெட்சுமி கையில் கொடுத்தாள். "இனி இது உன்னுடையது. காசு கட்டத் தேவையில்லை" என்றாள். விஜயலெட்சுமி ஊருக்குக் கொண்டுவந்தவற்றில் மிகப் பெறுமதியானது அந்த வெற்றுப் பைதான். ஆனால் அவளை வரவேற்க வந்தவர்கள் சொக்லேட்டைத்தான் தேடினார்கள்.

வந்த இரண்டாம் வாரமே போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நாற்பத்து மூன்று குடும்பம். டிரங்குப் பெட்டியையும் பிஸ்கட் டின்னையும் திறக்கவைத்து ஒவ்வொரு கடதாசியாகப் படம் எடுத்தாள். வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடுகளான மேல் லயத்தில் இருந்த பெரியாயி, அவள் வயதுக்காரி, கொழுந்து பறிப்பதிலும் வாய்ப்பேச்சிலும் தோட்டத்தில் முதலாமவள், பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னா லெச்சுமி, எங்க காம்பராவ வித்துட்டு வெளிநாட்டுக்கே போயிறலாம்னு பாக்குறியா?"

"ஓங் காம்பராவ எவன் வாங்குவான்? கூரையில இருக்கிற ஓட்டைக்கு நாமதான் அவனுக்குக் காசு குடுக்கணும். எந்திரி."

பெரியாயி எழுந்தாள்.

ஒரே இடத்தில் வைத்தால் ஒரே மண்ணுக்குள் போகும் என்பது விஜயலெட்சுமியின் கணக்கு. அதனால் பையை நாலு இடத்தில் வைத்தாள். தன் போன் ஒன்று. பிள்ளைமடுவத்தில் தன் கையில் வளர்ந்த ரமேஸின் வீட்டுப் போன் ஒன்று. கொழும்பில் கடையில் நிற்கிற மகன் ஜீவன் வாங்கிக்கொடுத்த பெரியாயியின் பெரிய போன் ஒன்று. ஹல்துமுல்லை டவுனில் போட்டோ கொப்பி அடித்து, போனும் திருத்துகிற ஹாஷிமின் கொம்பியூட்டர் ஒன்று. பெரியாயி மாதத்தில் பாதி நாள் டேட்டா இல்லாமல் இருக்கிறவள் என்பதால், படமெல்லாம் போனுக்குள்ளேயே தங்குகிற மாதிரி ஹாஷிமைக் கொண்டு செய்துவைத்தாள்.

அந்த வேலைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு பலன் கிடைத்தது. ஐப்பசி மழையில் மேல் லயம் சரிந்தது. எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஒன்பது குடும்பத்தின் பெட்டியும் டின்னும் மண்ணுக்குள் போயின. பையைத் திறந்து, இலக்கங்களைப் பார்த்து எழுதி, எல்லோரும் ஒரு மாதத்துக்குள் புதுப் பத்திரங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றே ஒன்றுதான் புதிதாக எடுக்க முடியாதது. மேல் லயத்தில் எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று தோட்டத்தை நடத்தின பழைய தொரை முன்பொரு காலம் கரண்ட் எடுப்பதற்காக எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். அந்தத் தொரை நாட்டிலேயே இல்லை. தோட்டமும் கை மாறி, பழைய பைல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது அந்தக் கடிதம் யாருக்கும் தேவைப்படவில்லை, ஆகவே யாரும் பிரிண்ட் எடுக்கவுமில்லை.

இந்த வருஷம் தேவைப்பட்டது. லயம் இழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கிறார்கள் என்று அரசாங்க ஆபீஸிலிருந்து துண்டு வந்தது. ஏப்ரல் மூன்றாந் தேதி ஒன்பது குடும்பமும் நேரில் வரவேண்டும். மேல் லயத்தில் குடியிருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். வாக்காளர் இடாப்பில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, லயத்தின் பெயர் இல்லை. லயத்தைச் சொல்லுகிற கடதாசி அந்த ஒரு கடிதம்தான். அது இருந்தது பச்சைப் பைக்குள்.

பையோ மூடப்போகிறது. தை மாதமே போனில் ஆங்கிலத்தில் அறிவித்தல் வந்தது. ஹாஷிம் வாசித்துச் சொன்னான்: "மார்ச் முப்பத்தொண்டோட நிப்பாட்டுறாங்களாம் அக்கா. அதுக்குள்ள உள்ள இருக்கிறத எடுத்துக்கச் சொல்றாங்க." ஹாஷிமின் கொம்பியூட்டர் போன ஆவணியில் எரிந்துபோய், புதிதாக வாங்கியதில் பையைச் சேர்க்க முடியவில்லை. புது ஆட்களையும் புதுக் கருவிகளையும் சேர்ப்பதை அவர்கள் அப்போதே நிறுத்தியிருந்தார்கள். அதனால் மிச்சம் மூன்று போன்தான்.

விஜயலெட்சுமி எடுத்துவிடத்தான் இருந்தாள். நடுவில் பண்டாரவளையில் இடுப்பு முறிந்த ஒருவரைப் பார்க்கிற வேலை வந்தது. ஏழு வாரம். நோயாளியை எழுப்பி நடக்கவைத்துவிட்டுத்தான் வந்தாள். வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் எல்லோருக்கும் சொன்னாள்: "பச்சைப் பைய மூடுறாங்க. மாசம் முடியிறதுக்குள்ள நாம அதுல இருந்து வெளிய வந்துறணும். வெள்ளிக்கிழம நான் ஹாஷிம் தம்பி கடைக்குப் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் ஹாஷிம் அவளுடைய போனை வயரில் செருகினான். திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அக்கா, பை காலியா இருக்கே."

"சரியாப் பாரு தம்பி."

"ஒண்டுமே இல்ல. நேத்துப் பின்னேரம் ஐஞ்சே முக்காலுக்கு எல்லாத்தையும் அழிச்சிருக்கு. குப்பைத் தொட்டியையும் துடைச்சிருக்கு. நீங்க கை வச்சீங்களா?"

அவள் கை வைக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். மயக்கம் வருகிறவர்களை உட்காரவைத்துத்தான் அவளுக்குப் பழக்கம், தானாக உட்கார்ந்து பழக்கமில்லை. பிறகு ரமேஸின் வீட்டுக்குப் போன் எடுத்தாள். அவன் மனைவி ஜீவராணி எடுத்தாள். அவர்களும் மேல் லயத்து ஒன்பது குடும்பத்தில் ஒன்று. இப்போது கீழ் லயத்தில் அண்ணன் காம்பராவில் ஒண்டியிருக்கிறார்கள்.

"ஜீவராணி, பச்சைப் பையில நீ ஏதாச்சும் செஞ்சியா?"

"ஆமா ஆயம்மா, நேத்தே முடிச்சிட்டேன்." குரலில் பெருமை இருந்தது. "ரெண்டு மணித்தியாலம் ஆச்சு. ஒண்ணொண்ணாத் தொட்டு அழிச்சேன். குப்பையையும் கொட்டிட்டேன். சுத்தமா இருக்கு."

"ஏன் அழிச்ச?"

"நீங்கதானே வெளிய வரணும்னு சொன்னீங்க. காம்பராவ விட்டுப் போறப்ப கூட்டிக் கழுவித்தானே குடுக்கணும்? நம்ம ஆளுங்க கடதாசிய அன்னியன் எடத்துல போட்டுட்டு வரலாமா? நீங்க ஒங்க போன்ல எடுத்து வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

தோட்டத்தில் அது சட்டம். காம்பரா மாறிப் போகிறவர்கள் அடுப்புச் சாம்பலை அள்ளி, தரையைக் கழுவி, ஆணியைக்கூடப் பிடுங்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். ஒரு துரும்பு கிடந்தாலும் 'அந்தக் குடும்பம் விட்டுட்டுப் போன லட்சணத்தப் பாரு' என்று பத்து வருஷத்துக்குப் பேச்சு நிற்கும். ஜீவராணி நல்ல குடும்பத்துப் பெண். சாவியைக் கொடுப்பதற்கு முன் பையைக் கழுவிவிட்டாள்.

"ஒரு போன்ல அழிச்சா எல்லாப் போன்லயும் அழிஞ்சிரும்மா," என்றாள் விஜயலெட்சுமி. "அதுக்குத்தான் அந்தப் பையே."

"கடிதமும் போச்சா ஆயம்மா?" என்று மெதுவாகக் கேட்டது.

"பாப்போம். நீ போய் மொதல்ல சோத்தத் தின்னு. அழுதுட்டு உக்காராத."

போனை வைத்துவிட்டு அவள் விரல் மடக்கினாள். தன் போன் காலி. ரமேஸ் வீட்டுப் போன் காலி. கடைக் கொம்பியூட்டர் ஆவணியிலேயே செத்துவிட்டது. மிச்சம் ஒரு விரல்.

"தம்பி, பெரியாயி போன்?"

"அது எங்க இருக்கு?"

"மகளுக்குப் பிள்ளப்பேறுன்னு ஸ்பிரிங்வெளிக்குப் போயிருக்கா. பத்து நாளாச்சு. டேட்டா இல்ல. போறதுக்கு முந்தியே முடிஞ்சிருச்சின்னு புலம்பிட்டுத்தான் போனா."

ஹாஷிம் நிமிர்ந்தான். நோன்பு மாதம். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. "அப்ப அதுக்கு அழிச்ச செய்தி போயிருக்காது அக்கா. படமெல்லாம் உள்ளதான் இருக்கும். ஆனா எப்ப நெட்டைத் தொடுதோ அப்ப அதுவும் அழிச்சிரும். அவங்க எப்ப வாராங்க?"

"இன்னைக்கு."

உடனே பெரியாயிக்குப் போன் எடுத்தார்கள். அணைத்திருந்தது. ஸ்பிரிங்வெளியில் மகளின் வீட்டுக்கு எடுத்தபோது மருமகன் சொன்னான்: "மாமி காலையிலேயே பெறப்பட்டுட்டாங்க. போன்ல சார்ஜ் இல்ல. வீட்டுக்குப் போய்ப் போட்டுக்குறேன்னாங்க."

வீட்டுக்குப் போய். அதாவது ரமேஸின் வீட்டுக்கு, ஏனென்றால் பெரியாயி ஒண்டியிருக்கிற காம்பராவில் பிளக் பொயின்ட் கெட்டுக் கிடக்கிறது. ரமேஸின் வீட்டிலோ பின்னேரம் பிள்ளைகள் படிப்பதற்காக அந்த வீட்டுப் போனிலிருந்து எல்லோருக்கும் நெட் திறந்துவிடுவான். பெரியாயியின் போன் அந்த நெட்டுக்குப் பழகினது. சார்ஜ் ஏறி விழித்த அடுத்த நிமிஷம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

மறுபடியும் ஜீவராணிக்கு எடுத்தாள். "நான் சொல்றத மட்டும் செய். ஒங்க போன அமத்திப் பெட்டிக்குள்ள வையி. பெரியாயி ஒருவேளை என் கண்ணுக்குத் தப்பி அங்க வந்தான்னா, போன சார்ஜ்ல போட விடாத. கையப் புடிச்சி உக்கார வையி."

"சரி ஆயம்மா. வேற எதையாச்சும்…"

"வேற எதையும் செய்யாத. தயவு செஞ்சி எதையும் செய்யாத."

ஹாஷிம் எழுந்து, சுவரில் மினுங்கிக்கொண்டிருந்த வைபை பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பெரியாயியின் போன் இந்தக் கடை நெட்டுக்கும் பழகினது. அவன்தான் பழக்கிவிட்டவன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கினார்.

"என்ன ஹாஷிம், நெட் போயிட்டே?"

"போகல்ல, நான்தான் அனுப்பி வச்சேன். டீ குடிச்சிட்டு வாங்க."

"நோன்பு காலத்துல என்னயப் பாத்து டீ குடிக்கச் சொல்ற?"

"அப்ப பள்ளிக்குப் போங்க. ஜும்மாவுக்கு முன் வரிசை கெடைக்கும்."

பன்னிரண்டு மணிக்கு ஹாஷிமும் பள்ளிக்குப் போகவேண்டும். கடைச் சாவியை விஜயலெட்சுமியிடம் கொடுத்தான். "வந்தா உள்ள உக்காருங்க. போனைத் தொறக்காதீங்க. நான் வந்து சிம்மைக் கழட்டுறேன்."

அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றாள். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் எல்லாம் இந்த வழிதான். ஒன்று வந்தது, பெரியாயி இல்லை. இன்னொன்று வந்தது, நிற்காமலே போயிற்று. உள்ளே பெரியாயி இருந்தால் இறங்காமல் போயிருக்கமாட்டாள், டிரைவரின் காதைத் திருகியாவது இறங்கியிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைவரை தள்ளிப்போட்டது தன் தப்பு. அதை ஒளிக்காமல் மனதுக்குள் எழுதிக்கொண்டாள். ஒன்பது குடும்பம், முப்பத்தாறு உயிர். அதில் மூன்று பேர் நடக்க முடியாதவர்கள். அடுத்த மழைக்கு அவர்களை எந்தப் பாடசாலைக்குத் தூக்குவது என்றும் யோசித்தாள்.

ஒரு மணி தாண்டி சிவப்பு பஸ் ஒன்று வந்தது. முன் கதவால் முதலில் ஒரு பலாப்பழம் இறங்கிற்று, அதற்குப் பின்னால் பெரியாயி.

"என்னா லெச்சுமி, எனக்கு மால போட வந்தியா?"

"போன் எங்க?"

"பேரப்புள்ள எப்பிடின்னு கேக்க மாட்டியா? பொம்பளப் புள்ள. மூணு கிலோ இருக்கு."

"சந்தோஷம். பால் குடிக்குதா? சரி. போன் எங்க?"

பெரியாயி இடுப்பைத் தடவினாள், பையைத் தடவினாள், கடைசியில் பழைய துவாயில் சுற்றி ரவிக்கைத் துணிக்குள் வைத்திருந்ததை எடுத்தாள். "செத்துப் போய்க் கெடக்கு. பண்டாரவளையில எறங்கி ரீலோட் போட்டு, கடையில கொஞ்சம் சார்ஜும் ஏத்திட்டு வரலாம்னு பாத்தேன். இந்தப் பலாப்பழத்தத் தூக்கிட்டு எவ எறங்குறது? பேசாம உக்காந்துட்டேன்."

விஜயலெட்சுமி குனிந்து பலாப்பழத்தைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். பெரியாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் லெச்சுமி அவளுடைய சுமை எதையும் கேட்காமல் தூக்கியதில்லை.

கடைக்குள் விஷயத்தைக் கேட்டதும் பெரியாயி போனைத் துவாயோடு மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். ஹாஷிம் வந்தான். சிம்மைக் கழற்றினான். சார்ஜில் போட்டான். இருபது நிமிஷம் கழித்துப் போனை எழுப்பி, முதல் காரியமாக விமான அடையாளத்தைத் தட்டினான். பிறகுதான் வயரால் கொம்பியூட்டரோடு சேர்த்தான். திரையில் பச்சைப் பை திறந்தது. குடும்பம் குடும்பமாக நாற்பத்து மூன்று போல்டர், அவள் பாஷையில் அடைப்பு, கூடவே மேல் லயத்துக்குப் பொதுவாக ஒன்று. விஜயலெட்சுமி வைத்த பெயர்கள் வரிசையாக நின்றன.

"மொதல்ல கடிதம்," என்றாள்.

ஹாஷிம் தேடினான். மேல் லயம் என்ற அடைப்பைத் திறந்தான். மங்கலாக ஒரு தாள், பெரிதாக்கினால் தெளிவாக ஒரு தாள். தோட்டத்து முத்திரை, திகதி, தொரையின் கையெழுத்து. முதலாம் காம்பரா, இரண்டாம் காம்பரா என்று ஒன்பது பெயர். நாலாவது இடத்தில் பெரியாயியின் பெயர்.

"என் பேரு இருக்கா?"

"இருக்கு."

"வாசி."

விஜயலெட்சுமி வாசித்தாள். பெரியாயி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தாள்.

ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சப் படங்கள் கொம்பியூட்டருக்குள் இறங்கி முடிய மூன்று மணியாயிற்று. போன் நிறைந்துபோனதால், போன ஆவணிக்குப் பிறகு போட்ட அறுபத்தொரு படம் அதற்குள் வரவே இல்லை. அவற்றின் மூலப் பத்திரங்கள் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஹாஷிம் இரண்டு பென் டிரைவில் பிரதி போட்டு, கடிதத்தைப் பத்துப் பிரிண்ட் அடித்தான். என்ன கொடுக்க என்று கேட்டதற்கு, "பலாப்பழத்துல பாதி," என்றான். பெரியாயி முழுசையும் வைத்துவிட்டாள். அவள் ஒரு பொருளை முழுசாகக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

விஜயலெட்சுமி மலை ஏறி வந்தபோது ஜீவராணி வாசலில் நின்றாள். சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது. பிரிண்டை அவள் கையில் கொடுத்தாள்.

"ஏழாவது எடத்துல ஒங்க பேரு இருக்கு பாரு."

ஜீவராணி தாளைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் ஆயம்மா எல்லாத்துக்கும்…" என்று ஆரம்பித்தாள்.

"நீ கழுவினது நல்லாத்தான் கழுவியிருக்க. ஹாஷிம் தம்பியாலயே ஒரு துரும்பு கண்டுபிடிக்க முடியல. நாளைக்குக் காலையில வா, அறுபத்தொரு கடதாசி திரும்ப எடுக்கணும். ஒனக்குப் பொறுமை இருக்கு. இப்ப போய்ச் சாப்புடு."

திங்கட்கிழமை பச்சைப் பையின் கடைசி நாள். விஜயலெட்சுமியின் போனில் ஒரு பக்கம் தானாக வந்தது. இவ்வளவு காலம் எங்களோடு இருந்ததற்கு நன்றி, ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம். வியாழக்கிழமை என்ன ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் உட்கார்ந்து தமிழில் எழுதினாள். வாசிக்கிறவர்கள் யாரையாவது வைத்து வாசித்துக்கொள்வார்கள்.

'உங்கள் பையை எட்டு வருஷம் சைப்பிரஸிலும், மிச்சக் காலம் கருக்காமலையிலும் பாவித்தேன். நாற்பத்து மூன்று குடும்பத்தின் பத்திரங்கள் உள்ளே இருந்தன. மண் சரிந்தபோது ஒன்பது குடும்பத்துக்கு உதவிற்று. ஒரு நாளும் காசு கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை தவறுதலாக அழித்துவிட்டது, அது உங்கள் பிழை இல்லை. நன்றி. விஜயலெட்சுமி, பராமரிப்பாளர்.'

அனுப்பிவிட்டு, அந்த நாளின் திகதியைக் கொப்பியிலும் குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது குடும்பமும் ஆபீஸ் விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்தன. நடக்க முடியாத மூன்று பேரை விஜயலெட்சுமியும் ரமேஸும் வேனில் கொண்டுவந்து நாற்காலியில் இருத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த அதிகாரி நிதானமான பெண். தமிழ் நன்றாகப் பேசினார். கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பிரிண்ட். ஒரிஜினல் எங்கே?"

"மேல் லயத்துக்குக் கீழ இருக்கு மிஸ். இருபதடி தோண்டணும்," என்றாள் பெரியாயி.

விஜயலெட்சுமி அவள் காலை மிதித்தாள். "மண் சரிஞ்சப்ப உள்ள போயிருச்சு மிஸ். அதுக்கு முந்தியே படம் எடுத்து வச்சிருந்தோம். எந்தத் திகதி எடுத்ததுன்னு படத்துலயே இருக்கு, பாருங்க."

அதிகாரி பார்த்தார். படத்தின் திகதி சரிவுக்கு ஆறு வருஷத்துக்கும் மேல் முந்தியது. வாக்காளர் இடாப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்பது பெயரையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஐ.சி. இலக்கங்களைச் சரிபார்த்தார். கடைசியில் ஒரு நீள்புத்தகத்தைத் திறந்து, முதலாம் காம்பராவிலிருந்து தொடங்கி, பெயரை வாய்விட்டு வாசித்தபடி எழுத ஆரம்பித்தார். ஏழாவது பெயர் எழுதும்போது ஜீவராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பதாவது பெயரும் முடிந்து முத்திரை விழுந்தது.

"அடுத்த மாதம் காணி அளக்க வருவாங்க," என்றார் அதிகாரி. புத்தகத்தை மூடிவிட்டு, விஜயலெட்சுமியைப் பார்த்துக் கேட்டார்: "நிறையப் பேர் இப்படி ஒன்றுமே இல்லாமல்தான் வருகிறார்கள் அம்மா. நீங்கள் எதில் வைத்திருந்தீர்கள்? மற்றத் தோட்டங்களுக்கும் சொல்லலாமே."

"அந்தச் சேவை இப்ப இல்ல மிஸ். திங்கக்கிழமையோட மூடிட்டாங்க."

"அடடே. அப்போ அவர்களை நம்பியும் பிரயோசனம் இல்லை."

"அப்பிடிச் சொல்லக்கூடாது மிஸ்," என்றாள் விஜயலெட்சுமி. "வச்சிருந்த வரைக்கும் நல்லா வச்சிருந்தாங்க. மூணு மாசத்துக்கு முந்தியே சொல்லிட்டுத்தான் மூடினாங்க. எங்களுக்கு அப்பிடிச் சொல்லிட்டு மூடினவங்க ரொம்பப் பேரு இல்ல."

புதிதாக வாங்கிய பென் டிரைவ் ஒன்றை மேசையில் வைத்தாள். மேல் லயத்து அடைப்பு மட்டும் அதற்குள் இருந்தது. "இது ஒங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும் மிஸ்," என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் இருந்தவர்களை எழுப்ப வெளியே போனாள்.